இது சைக்கிளா, பைக்கா?

திருவனந்தபுரத்தில் சைக்கிள் ஓட்டியவர்களுக்குத் தெரியும், இந்த ஊரில் சமதரை என்பது அபூர்வம். கிழக்கே கோட்டையிலிருந்து ஓவர்பிரிட்ஜ் வரை சிரமமில்லை. அங்கிருந்து ஆயுர்வேதக் கல்லூரி, ஸ்டாச்சு என்று ஏறும்போதுதான் முழங்கால் தன் வயதைச் சொல்லும். ராக்கெட்டின் முனைப்பகுதியையே சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போன ஊர் இது என்று பெருமை பேசுவோம். 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட் கிளம்பிய தும்பாவின் ஆரம்ப நாட்களில் எடுத்த அந்தப் படத்தைப் பார்க்காதவர் யார்? ஆனால் தும்பா கடற்கரை; அங்கே மேடு இல்லை. சாலைக் கடைத்தெருவிலிருந்து ஸ்டாச்சுவுக்குப் போவது வேறு விஷயம்.

நாகர்கோவிலிலிருந்து பிழைப்புக்கு இங்கே வந்த நாள் முதல் என் வாகனம் சைக்கிள்தான். சாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற பிறகும், காலையில் ஒரு சுற்று போய் வராவிட்டால் எனக்குப் பொழுது விடிந்ததாகத் தோன்றாது. அறுபத்தெட்டு வயதில் முழங்கால் மறுத்தது. மேட்டில் இறங்கித் தள்ள ஆரம்பித்தேன். பிளஸ் டூ படிக்கும் என் பேரன் இதைக் கவனித்திருக்கிறான்.

“பாட்டா, உங்க சைக்கிள்ல ஒரு எஞ்சின் மாட்டிருவோமா?” என்று ஒரு நாள் கேட்டான்.

“அதெல்லாம் நமக்கு எதுக்கு மக்கா?” என்றேன்.

“ஹோண்டா கம்பெனியே இப்படித்தானே ஆரம்பிச்சுது?”

அவன் சொன்னது உண்மைதான். உலகப் போர் முடிந்து ஜப்பான் இடிந்து கிடந்த 1946-இல், ராணுவ வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் தந்த சின்ன எஞ்சின்களை வாங்கிச் சைக்கிளில் பூட்டி விற்றார் சொய்சிரோ ஹோண்டா. முதன்முதலில் செய்து பார்த்ததற்கு வெந்நீர் ஒத்தடப் பையைத்தான் பெட்ரோல் டாங்காக வைத்தாராம். அதே காலத்தில் பிரான்சில் ‘சோலெக்ஸ்’, இத்தாலியில் டுகாட்டியின் ‘குச்சியோலோ’ என்று எஞ்சின் வைத்த சைக்கிள்கள் ஓடின. ‘மோட்டார்’, ‘பெடல்’ என்ற இரண்டு சொற்களையும் ஒட்டவைத்து ‘மொபெட்’ என்ற பெயர் ஸ்வீடனில் பிறந்தது 1952-இல். நம் பக்கத்தில் திருப்பதியில் செய்த சுவேகா, 1972-இல் வந்த லூனா, 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 எல்லாம் அந்தப் பரம்பரைதான். என் தலைமுறைக்கு இவை குடும்ப உறுப்பினர்கள் மாதிரி. ஆகவே பேரன் கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை.

49 சி.சி. எஞ்சின் ஒன்றைத் தருவித்தோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் முற்றத்தில் வேலை நடந்தது. ஃபிரேமின் நடுவே எஞ்சின், மேல் கம்பியில் டாங்க், பின் சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிகளோடு சேர்த்து முறுக்கிய ஒரு பற்சக்கரம், அதற்குத் தனியாக ஒரு செயின், ஹேண்டில்பாரில் கிளட்ச். பையன் கையில் கிரீஸோடு நிமிர்ந்து பார்த்துச் சிரித்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதலில் நான் ஓட்டிப் பார்க்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான்.

விடியற்காலை. லேசான தூறல். மேட்டில் வண்டி தேவலோகத்து ரதம் போல ஏறியது. ஸ்டாச்சு வரை போய்த் திரும்பினேன். இறக்கத்தில்தான் விஷயம் புரிந்தது. ஆக்சிலேட்டர் கம்பி சிக்கிக்கொண்டது. பிரேக்கை அழுத்தினேன், நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டே போனது. எதிரே பூக்கூடையோடு ஒரு அம்மாள் சாலையைக் கடக்கிறார். என்ன செய்தேன் என்று சரியாக நினைவில்லை. வண்டியை ஓரத்துக் கல்லில் மோதி விழுந்தேன். அவரிடமிருந்து ஒரு முழ தூரம்தான் இருக்கும். சிராய்ப்போடு போயிற்று. அவர் என்னைத் தூக்கி உட்காரவைத்து, இன்னும் உறுமிக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்துக் கேட்டார்: “எந்தா அண்ணாச்சி, இது சைக்கிளோ பைக்கோ?”

பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் பேரன் கேட்ட கேள்வி அதைவிடக் கனமாக இருந்தது. “பாட்டா, நான் ஓட்டிப்போயிருந்தா?”

அன்று மாலையே, மோட்டார் வாகன இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மலையாள நண்பர் ஒருவரைப் பார்க்கப் போனோம். அவர் விளக்கியதையும், பிறகு நான் சட்டப் புத்தகத்தில் படித்ததையும் நம் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

பூக்காரம்மாள் கேட்டதேதான் சட்டமும் கேட்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் ஒரு கோடு கிழித்திருக்கிறது. நான்குக்குக் குறைந்த சக்கரங்களும், 25 சி.சி.க்கு மேற்படாத எஞ்சினும் உள்ள வண்டி ‘மோட்டார் வாகனம்’ ஆகாது. முதலில் இந்த எல்லை 35 சி.சி.யாக இருந்தது, 1994-இல் குறைத்தார்கள். எங்கள் எஞ்சின் 49 சி.சி. ஆகவே பெடல் இருந்தாலும், பெல் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது பைக்தான். பதிவு எண், ஓட்டுநர் உரிமம், இன்ஷூரன்ஸ், ஹெல்மெட் எல்லாம் வேண்டும்.

“அப்படியானால் பதிவு செய்துவிடலாமே?” என்றேன்.

நண்பர் சிரித்தார். புது வண்டியைப் பதிவு செய்ய, அது சாலைக்குத் தகுதியானது என்று தயாரித்த கம்பெனி படிவம் 22-இல் எழுதித் தரவேண்டும். அதற்கு முன் அந்த மாதிரி வண்டி அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தில் தேறியிருக்கவேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் புகைக்கு பாரத் ஸ்டேஜ் 6 அளவு வேறு. டி.வி.எஸ். 50-ஐச் செய்தவர்கள் தொழிற்சாலை வைத்துச் செய்ததை, முற்றத்தில் மூன்று ஞாயிறுகளில் செய்த நாங்கள் எப்படிக் காட்டுவது?

“பதிவான பழைய மொபெட் ஒண்ண வாங்கி, அத மாத்திக் கட்டினா?” என்று பேரன் விடவில்லை. அதற்கும் வழி இல்லை. பதிவுச் சான்றிதழில் உள்ள, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது 52-ஆம் பிரிவு. நம் கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்திருக்கிறது.

இதெல்லாம் வெறும் காகிதத் தொல்லை என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான். பூக்காரம்மாளை நினைத்தபோது அர்த்தம் புரிந்தது. வேகம் இருமடங்கானால் மோதும் சக்தி நான்கு மடங்கு. மிதித்துப் போகிற வேகத்துக்கென்று செய்த பிரேக் கட்டையையும் ஸ்போக்ஸ் கம்பியையும் நம்பி எஞ்சினை ஏற்றினோம். அவருக்குக் கால் முறிந்திருந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி வராது. நஷ்டஈடு என் கையிலிருந்துதான். வாழ்நாள் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு போயிருக்கும். 25 சி.சி.க்கு உட்பட்ட வண்டியாக இருந்தாலும், கவனக்குறைவாக ஓட்டி இடித்தால் பொறுப்பு நம்முடையதே. பேரன் ஓட்டியிருந்தாலோ? 2019-இல் வந்த 199-ஏ பிரிவின்படி, பதினெட்டு வயது நிரம்பாதவர் மோட்டார் வாகனக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பிள்ளைக்கு 25 வயது வரை உரிமமும் கிடைக்காது.

சரி, என்னைப் போன்ற முழங்கால்காரர்களுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. மின்சார சைக்கிளுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள் விலக்குத் தருகின்றன. மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குள் இருக்கவேண்டும். மிதிப்பதை நிறுத்தினாலோ, வேகம் 25 கிலோமீட்டரைத் தொட்டாலோ மோட்டார் ஓய்ந்துவிட வேண்டும். நல்ல பிரேக், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ஒளி திருப்பிகள் வேண்டும். இவற்றைப் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐ.சி.ஏ.டி. போன்ற சோதனை நிலையம் ஒன்று பார்த்துச் சான்று தந்திருந்தால் அது சைக்கிள்தான். பதிவும் உரிமமும் தேவையில்லை.

சான்று என்ற அந்தச் சொல்லைத்தான் பலர் மறந்துவிடுகிறோம். கடையில் மோட்டாரைத் தனியாக வாங்கி நாமே மாட்டினால், அது 250 வாட் என்று நாம் சொல்லலாம்; சொல்ல ஒரு காகிதம் இருக்காது. சான்று பெற்ற வண்டியிலும் வேகக் கட்டுப்பாட்டைக் கழற்றிவிட்டால் விலக்கு அந்த நிமிடமே போய்விடும். உரிமம் வேண்டாமே என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு மின்சார வண்டி வாங்கித் தரும் பெற்றோர் இதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

எங்கள் எஞ்சினைக் கழற்றினோம். இப்போது அது முற்றத்தில் ஒரு மரப்பலகையில் இருக்கிறது. பேரன் அதைப் பிரித்துப் பூட்டிப் பழகுகிறான். பொறியியல் படிக்க ஆசை வந்திருக்கிறது. நான் சான்றிதழோடு ஒரு மின்சார சைக்கிள் வாங்கினேன். அது ரதம் போலப் பறப்பதில்லை. மிதிக்கத்தான் வேண்டும், மேட்டில் யாரோ பின்னாலிருந்து மெல்லத் தள்ளுவது போல இருக்கிறது. அது போதும்.

வாசக அன்பர்களே, பிழைக்க வந்த ஊரில் நம் பிள்ளைகள் கையால் எதையாவது செய்து பார்க்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். ஆனால் அதைத் தெருவில் இறக்குமுன், பூக்காரம்மாள் கேட்ட கேள்வியை வீட்டுக்குள்ளேயே ஒருமுறை கேட்டுவிடுங்கள்.