பேரீச்சையா, அஸ்பாரகஸா? பெருகும் தேவை, விவசாயிகள் முதலில் கணக்கிட வேண்டியது நீரும் பருவமும்

பெங்களூரு: ரமலான் மாதத்தில் சிவாஜிநகர் ரசல் மார்க்கெட்டில் குவியும் பேரீச்சை வகைகளுக்கும், நட்சத்திர ஓட்டல்களின் சமையலறைகளுக்குச் செல்லும் பச்சை அஸ்பாரகஸ் தண்டுகளுக்கும் பெங்களூரு நகரம் நல்ல சந்தையாக விளங்குகிறது. இவை இரண்டையும் நகரைச் சுற்றியுள்ள நிலங்களிலேயே விளைவிக்க முடியுமா என்ற ஆர்வமும் விவசாயிகளிடையே எழுந்துள்ளது. தேவை பெருகுகிறது என்பதை மட்டும் நம்பி இறங்கக்கூடிய பயிர்கள் அல்ல இவை. இரண்டுமே நிலத்தை ஆண்டுக்கணக்கில் பிடித்துக்கொள்பவை.

தேவை ஏன் உயர்கிறது?

உலகில் மிக அதிக அளவில் பேரீச்சையை இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. ஈராக், ஐக்கிய அரபு அமீரகம், ஈரான் உள்ளிட்ட நாடுகளிலிருந்து அது வருகிறது. முன்பு நோன்புக் காலத்துடனும் திருமணச் சீருடனும் இணைத்துப் பார்க்கப்பட்ட இப்பழம், இன்று சர்க்கரைக்கு மாற்றாக இனிப்புகள், சத்துமாவு, பாகு, சிற்றுண்டிக் கட்டிகள் ஆகியவற்றிலும் இடம்பெறுகிறது. உலர் பேரீச்சைக்கு நீண்ட காலம் பாகிஸ்தானையே இந்தியா பெரிதும் நம்பியிருந்தது. 2019 பிப்ரவரியில் அந்நாட்டுப் பொருட்களுக்கு 200 சதவீத சுங்க வரி விதிக்கப்பட்டது. 2025 மே மாதம் இறக்குமதி முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது. உள்நாட்டு விளைச்சலின் அவசியத்தை இந்நிகழ்வுகள் உணர்த்தின.

அஸ்பாரகஸ் குடும்பத்திற்கு இந்தியாவில் இரு முகங்கள் உண்டு. ஒன்று, இளந்தண்டைக் காய்கறியாக உண்ணும் வெளிநாட்டு வகை. ஃபோலேட், வைட்டமின் கே, நார்ச்சத்து ஆகியவை உள்ளதால் உணவில் அக்கறை கொண்டோர் இதை நாடுகின்றனர். மற்றொன்று நம் காடுகளில் வளரும் தண்ணீர்விட்டான் கிழங்கு எனப்படும் சதாவரி. சித்த, ஆயுர்வேத மருந்துகளில், குறிப்பாகத் தாய்ப்பால் சுரப்புக்கான லேகியங்களிலும் சூரணங்களிலும், இது சேர்க்கப்படுகிறது. சதாவரியின் பயன்கள் குறித்த விழிப்புணர்வு இயக்கத்தை மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2025 பிப்ரவரியில் தொடங்கியது.

ஆண் செடியா, பெண் செடியா?

பேரீச்சைக்கும் காய்கறி அஸ்பாரகஸுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. இரண்டிலும் ஆண் தாவரமும் பெண் தாவரமும் தனித்தனியே வளர்கின்றன. ஆனால் விவசாயிக்குக் கிடைக்கும் பலன் நேர்மாறானது.

பேரீச்சையில் பெண் மரமே காய்க்கும். விதையிலிருந்து வளர்த்தால் ஏறத்தாழப் பாதி மரங்கள் ஆணாக அமைந்துவிடும். பூக்கும் வரை அதைக் கண்டறிவதும் கடினம். எனவே தாய்மரத்தின் பக்கக் கன்றுகளையோ, திசு வளர்ப்புக் கன்றுகளையோ நட வேண்டும். திசு வளர்ப்புக் கன்றின் விலை சில ஆயிரம் ரூபாய் ஆகும். 8 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 156 கன்றுகள் தேவைப்படும். ஆண் பாளையின் மகரந்தத்தைப் பெண் பாளையில் ஆண்டுதோறும் கையால் சேர்க்கும் வேலையும் உண்டு.

அஸ்பாரகஸில் உண்ணப்படுவது தண்டு என்பதால் ஆண் செடியே விரும்பப்படுகிறது. பெண் செடி தன் சத்தின் ஒரு பகுதியைக் காய்களுக்குச் செலவிட்டுவிடும். அதனால் ஆண் செடிகள் மட்டுமே முளைக்கும் வீரிய ஒட்டு ரகங்கள் உருவாக்கப்பட்டுள்ளன.

பருவம் சொல்லும் பதில்

கால் நீரிலும் தலை நெருப்பிலும் இருக்க வேண்டும் என்று பேரீச்சை மரத்தைப் பற்றி அரபு நாடுகளில் கூறுவர். வேருக்கு நீரும், பழம் முதிரும்போது கடும் வெப்பமும் வறண்ட காற்றும் தேவை என்பதே அதன் பொருள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூருவில், பழம் கனியும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மழை வலுக்கிறது. மழையில் நனைந்த பழம் வெடித்து அழுகும்.

இதற்குக் குஜராத்தின் கட்ச் விவசாயிகள் ஒரு வழி கண்டுள்ளனர். முழுவதும் கனியும் வரை காத்திராமல், செங்காய்ப் பருவத்திலேயே குலைகளை அறுத்து விற்கின்றனர். அங்கு விளையும் கட்ச் காரெக் பேரீச்சை 2024-ல் புவிசார் குறியீடு பெற்றது. துவர்ப்பின்றி, செங்காயாகவே இனிக்கும் பார்ஹி ரகம் இம்முறைக்கு ஏற்றது. தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டத்திலும், பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூர் பகுதியிலும் இந்த ரகம் பயிரிடப்பட்டுள்ளது. ஆனால் செங்காய் சில நாட்களே தாங்கும். உலர் பழத்தைப் போல இருப்பு வைத்து விலைக்குக் காத்திருக்க முடியாது.

அஸ்பாரகஸுக்குப் பெங்களூருவின் மிதமான வெப்பநிலை ஏற்றதே. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் உறங்கி, வசந்தத்தில் துளிர்க்கும் இச்செடி, இங்கு உறக்கமின்றி ஆண்டு முழுவதும் வளரும். தாய்லாந்து போன்ற வெப்ப நாடுகளில் சில தண்டுகளைத் தாய்த்தண்டாக வளரவிட்டு, மற்றவற்றை அறுவடை செய்கின்றனர். நட்ட இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டிலிருந்து முறையான அறுவடை கிடைக்கும். வெட்டிய தண்டு விரைவிலேயே இனிப்பை இழந்து நார்ப்பிடிக்கும் என்பதால் உடனடியாகக் குளிர்விக்க வேண்டும். குளிர்பதன வசதியும், அருகில் சந்தையும் இல்லாத விவசாயிக்கு இது இழப்பைத் தரும்.

நீரே முதன்மையான கேள்வி

பேரீச்சை வறட்சியைத் தாங்கும் மரம் என்பது உண்மை. ஆனால் உயிர் பிழைப்பது வேறு, நிறையக் காய்ப்பது வேறு. வளர்ந்த மரத்திற்குக் கோடையில் நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் நீர் தேவைப்படலாம். உலகின் முன்னணி அஸ்பாரகஸ் ஏற்றுமதியாளர்களில் ஒன்றான பெரு நாட்டில், இகா பள்ளத்தாக்கின் பாலை நிலத்தில் இப்பயிர் பரவியபோது நிலத்தடி நீர்மட்டம் கடுமையாகச் சரிந்து, சிறு விவசாயிகளின் கிணறுகள் வறண்டன.

பெங்களூருவைச் சுற்றிலும் நிலைமை ஏற்கெனவே கவலைக்குரியது. கோலார், சிக்கபள்ளாபுரம் மாவட்டங்கள் நிலத்தடி நீர் மிகையாக உறிஞ்சப்படும் பகுதிகளாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. 2024 கோடையில் பெங்களூரு நகரிலேயே ஆழ்துளைக் கிணறுகள் பெருமளவில் வற்றின. சொட்டுநீர்ப் பாசனமும் பண்ணைக்குட்டையும் இன்றி இவ்விரு பயிர்களிலும் இறங்குவது ஆபத்தாகும்.

இம்மண்ணின் உறவினர்கள்

இவ்விரு பயிர்களுக்கும் இம்மண்ணிலேயே உறவினர்கள் உண்டு. ஏரிக்கரைகளில் தானாக வளரும் ஈச்சமரம் பேரீச்சையின் இனத்தைச் சேர்ந்தது. பாய், கூடை, துடைப்பம் செய்ய அதன் ஓலை பயன்படுகிறது. தண்ணீர்விட்டான் கொடி குறைந்த நீரில், மற்ற பயிர்களுக்கு இடையிலும் வளரும். நட்ட ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளில் கிழங்கை எடுக்கலாம். காட்டில் அதை வேரோடு தோண்டி எடுப்பதால் இயற்கை இருப்பு குறைகிறது என்பதால், வயலில் பயிரிடுவது காட்டுக்கும் நன்மை தரும்.

தொகுத்துப் பார்த்தால், நீர் உறுதியாக உள்ள, மழை குறைந்த வட்டாரங்களில், பல ஆண்டுகள் காத்திருக்கும் வசதி கொண்டோருக்கே பேரீச்சை பொருந்தும். காய்கறி அஸ்பாரகஸ், குளிர்பதன வசதியும் வாங்குவோரின் முன் ஒப்பந்தமும் உள்ள நகர்ப்புறப் பண்ணைகளுக்கு உரியது. மானாவாரியை நம்பும் சிறு விவசாயிக்குச் சதாவரியே குறைந்த முதலீட்டில் தொடங்கத்தக்கது. எதைத் தேர்ந்தெடுத்தாலும், கன்று வாங்கும் முன் கிணற்றின் கோடைக்கால நீர் அளவையும், விளைச்சலை வாங்குபவர் யார் என்பதையும் உறுதி செய்துகொள்வது அவசியம். ஒருமுறை நட்ட பேரீச்சை மரம், அடுத்த தலைமுறைக்கும் அதே நிலத்தில் நிற்கக்கூடியது.