நின்றால்தான் சூடு

வெள்ளிக்கிழமை இரவு சிங்கப்பூரின் தேக்காவிலிருந்து கிளம்பினால் புக்கிட் தீமா விரைவுச்சாலை முழுக்க பைக் சுகமாக ஓடும். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வரிசையில் நின்ற பிறகுதான் தொடையும் கெண்டைக்காலும் காந்தத் தொடங்கும். மலாக்காவுக்கும் பினாங்குக்கும் போகிறவர்களுக்கு மலேசிய நெடுஞ்சாலை பெரிய சோதனை இல்லை. 1924இல் திறக்கப்பட்ட, இரு நாடுகளையும் இணைக்கும் ஒரு கிலோமீட்டர் கடற்பாலமும் அதன் நெரிசலும்தான் சோதனை. 2பி, 2ஏ ஓட்டுநர் உரிமங்களைத் தாண்டி 400 சிசிக்கு மேல் பைக் வாங்கியவர்களுக்கு இந்தச் சூடு புது அனுபவம். என்ஜின் பெரிதானால் அனலும் கூடும்.

பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போனாலே அதிகம். மிச்சமெல்லாம் வெப்பமாகிப் புகைக்குழாய் வழியாகவும் என்ஜின் சுவர் வழியாகவும் வெளியேறுகிறது. ஓடும்போது அதைக் காற்று வாரிக்கொண்டு போய்விடும். நின்றுவிட்டால், காற்றை மட்டுமே நம்பிய என்ஜினுக்கு வேறு கதி கிடையாது. ரேடியேட்டர் வைத்த பைக்கில் கூலன்ட் 100 டிகிரியை ஒட்டி வந்ததும் விசிறி சுழலும். கூலன்ட் கொதிக்காது; பிரஷர் குக்கர் போல மூடி அழுத்தத்தை உள்ளேயே பிடித்துவைப்பதால் கொதிநிலை 120 டிகிரியையும் தாண்டிவிடுகிறது. என்ஜின் தப்பிவிடும். ஆனால் விசிறி தள்ளும் அனல் ஓட்டுபவரின் காலுக்குத்தான் வருகிறது. என்ஜினைக் காப்பது வேறு, ஓட்டுபவரைக் காப்பது வேறு.

இதற்கு வடிவமைப்பாளர்கள் கண்ட வழிகள் அழகானவை. பிஎம்டபிள்யூவின் பாக்ஸர் என்ஜினில் 1923 முதலே இரண்டு சிலிண்டர்களும் இருபக்கமும் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஹார்லி-டேவிட்சனின் வி-ட்வினில் பின் சிலிண்டர் தொடையை ஒட்டி இருக்கிறது. அதனால் சூடேறி நிற்கும் நேரத்தில் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் எரியாமல் ஓய்வெடுக்கும் ஏற்பாடு பல மாடல்களில் உண்டு.

உடம்புக்கும் இதே கணக்குதான். ஒரு லிட்டர் வியர்வை உலர்ந்தால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். உலர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் நின்றால் வியர்வை வழியுமே தவிர உலராது. ஆனால் இங்கே மதியத்திலும் காற்று 32, 33 டிகிரிதான், தோலைவிடக் கொஞ்சம் குளிர்ச்சி. ஆகவே ஓடும்போது வலைத்துணி ஜாக்கெட் உண்மையிலேயே குளிரவைக்கும். மே மாத வேலூரில் 41 டிகிரியில் அதே ஜாக்கெட் அனற்காற்றைத்தான் உள்ளே விடும். அங்கே மூடிக்கொண்டு, உள்சட்டையை நனைத்துக்கொள்வது மேல்.

இங்கே பலர் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள். நெஞ்சில் காற்று அடிக்காது, முதுகும் வேர்க்காது. விழுந்தால் அந்தத் திறந்த முதுகுதான் சாலையில் உரசும். இதை நான் ஒருபோதும் சொல்லித்தர மாட்டேன்.

வரிசை நகராவிட்டால் என்ஜினை அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் தகடுகளில் ஒட்டிய பூச்சிகளை மெதுவாக விழும் தண்ணீரில் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் தகடு மடங்கிவிடும். சூடாக இருக்கையில் மூடியைத் திறக்கவே கூடாது. பின்னால் அமர்ந்தவரைப் புகைக்குழாய் இல்லாத பக்கம் இறங்கச் சொல்லுங்கள். காலில் சுட்டுவிட்டால் பற்பசை, வெண்ணெய் எதுவும் தடவாமல், குழாய்த் தண்ணீர் 20 நிமிடம் ஓடட்டும்.