ஈஸ்டருக்கும் எடவப்பாதிக்கும் நடுவில்

ஈஸ்டர் கழிந்து எடவப்பாதி மழை இறங்கும்வரை மார்த்தாண்டத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கல்யாணக் காலம். லெந்து நாட்களில் கிறிஸ்தவ வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. பங்குனியில் இந்து வீடுகளிலும் பலர் தள்ளி வைப்பார்கள். 2011 கணக்கெடுப்பின்படி எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரு சமயத்தாரும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. அதனால் சித்திரை பிறந்ததும் எல்லாப் பந்தலும் சேர்ந்தே எழும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் திரு-கொச்சியோடும் கிடந்த மண் இது. பருவமழைக்கு இன்றும் எங்கள் வாயில் வருவது மலையாள மாதக் கணக்குத்தான்: எடவத்தின் பாதியில் வருவதால் எடவப்பாதி.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் லீவு கேட்பதும் இந்த நாட்களுக்குத்தான். பயணம், கல்யாணம், விருந்து, வழியனுப்பு எல்லாம் இந்த ஐம்பது அறுபது நாளுக்குள் முடிந்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் இப்படி இரண்டு கோடைகள் வந்தன. ஒன்று 1986, இன்னொன்று 2025. இரண்டிலும் வாசலில் நின்றவள் பெரியண்ணனின் மனைவி, எங்கள் மைனி.

1986 ஏப்ரலில் பெரியண்ணனுக்குக் கல்யாணம். அவன் சவூதியில், தம்மாமில் எலக்ட்ரீஷியன். நாற்பத்தைந்து நாள் லீவு. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி முற்றத்தில் கறிக்காய் வெட்டு நடந்தது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஊர் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து சேனையும் தடியங்காயும் நறுக்கினார்கள். பெண்கள் தேங்காய் துருவினார்கள். சர்ச்சில் இருந்து வாடகைக்கு எடுத்த வார்ப்பும் உருளியும் அடுப்பில் ஏறின. எனக்குப் பதினான்கு வயது. வாளியில் தண்ணீர் கொண்டு கொடுப்பது என் வேலை. மறுநாள் அவியல், எரிசேரி, இஞ்சிப் பச்சடி, புளிசேரி என்று இலை நிறைந்தது. கடைசியில் அடைப்பிரதமனில் மட்டிப்பழத்தைப் பிசைந்து, மேலே பப்படத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டோம்.

கல்யாணம் முடிந்தபோது அண்ணனுக்கு மிச்சம் முப்பத்தாறு நாள். அதில் பத்தொன்பது விருந்து. மறுவீடு, மாமா வீடு, சித்தி வீடு, அப்பாவோடு தொடுவெட்டிச் சந்தையில் வியாபாரம் பார்த்தவர் வீடு. மார்த்தாண்டத்தின் பழைய பெயர் தொடுவெட்டி. சந்தையை அப்பா கடைசிவரை அப்படித்தான் சொன்னார். ஒரு வீட்டை விட்டால் வருஷக் கணக்கில் பேச்சுவார்த்தை இருக்காது. நாட்டுக்கோழிக் கறியும் ஆப்பமும் தின்று, வெற்றிலையில் வைத்துத் தரும் சுருள் பணத்தை வாங்கிக்கொண்டு, இருட்டிய பிறகு நடந்தே திரும்புவார்கள். டார்ச் லைட்டோடு முன்னால் நான் போவேன்.

அந்தக் கோடையில் அவர்கள் போன பெரிய பயணம் கன்னியாகுமரிக்கு. நேசமணி போக்குவரத்துக் கழக பஸ் அது. குமரியைத் தமிழகத்தோடு சேர்க்கப் போராடிய விளவங்கோட்டுக்காரர் பெயரில் அன்று மாவட்டம் முழுக்க பஸ் ஓடியது. புதுமணத் தம்பதியோடு வீட்டிலிருந்து ஏழு பேர் போனோம். பஸ்ஸில் ஜன்னலோரம் மைனி, அந்தப் பக்கம் அண்ணன், நடுவில் நான். யாரும் என்னை எழுந்திரு என்று சொல்லவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அந்த முப்பத்தாறு நாளில் ஒரு முழுப் பகலை அவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன் என்பது, எனக்குக் கல்யாணமான பிறகுதான் உறைத்தது. இப்போதும் நினைத்தால் மனசு கனக்கும்.

கடலில் அன்று விவேகானந்தர் பாறை மட்டும்தான். அதன் மேலுள்ள மண்டபம் 1970இல் வந்தது. பக்கத்துப் பாறை வெறுமையாகக் கிடந்தது. மைனி சின்னச் சின்னப் பொட்டலங்களில் விற்ற வண்ண மணல் வாங்கினாள். கறுப்பு, சிவப்பு, அரிசி போன்ற வெள்ளை. திரும்பும் வழியில், ‘அலைகள் ஓய்வதில்லை’ படம் எடுத்த முட்டம் கடற்கரைக்கு ஒருநாள் போகலாம் என்று அண்ணன் மெதுவாகச் சொன்னது என் காதிலும் விழுந்தது. அந்த லீவில் போக முடியவில்லை. அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்துத்தான் வந்தது. அப்போது கையில் பிள்ளை இருந்தது.

மே மாதக் கடைசியில் குழித்துறை ஸ்டேஷனில் வழியனுப்பு. 1979இல் திருவனந்தபுரம் - கன்னியாகுமரி பாதை திறந்த பிறகு, பம்பாய் ரயில் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது. பம்பாயில் இறங்கி, அங்கிருந்து விமானம். அண்ணன் யாரிடமும் ‘போறேன்’ என்று சொல்லவில்லை. ‘போயிட்டு வாறேன்’ என்றான். அம்மாவிடம் சொன்னான், அப்பாவிடம் சொன்னான், என் தலையைத் தடவினான். மைனியிடம் வரும்போது ரயில் அசையத் தொடங்கிவிட்டது. அத்தனை பேர் முன்னால் அவள் கையைப் பிடிக்க அவனுக்குத் துணிச்சல் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, “கடுதாசி போடு” என்றான். அவள் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

பிறகு நீலநிற ஏரோகிராம் வந்தது. பதினைந்து நாளுக்கு ஒன்று. 1988இல் அண்ணன் ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தான். அதன்பின் கேசட்டுகள், ஊருக்கு வந்து திரும்புகிறவர்களின் பெட்டிக்குள் போகும். ஒரு கேசட்டில் மழைச் சத்தத்தைப் பிடித்து அனுப்பும்படி அவன் கேட்டிருந்தான். எடவப்பாதி கொட்டிய ஓர் இரவு, மைனி ரெக்கார்டரை அடுக்களைத் திண்ணையில் வைத்துச் சிவப்பு பொத்தானை அழுத்தினாள். எங்களை எல்லாம் பேசக்கூடாது என்றாள். ஓட்டிலிருந்து கல்தொட்டியில் விழும் தண்ணீரின் சத்தம் முப்பது நிமிஷம், ஒரு பக்கம் முழுக்க. இடையில் பிள்ளை ஒருமுறை இருமியது. பின்னால் அண்ணன் சொன்னான்: தம்மாமில் அவன் தங்கிய அறையில் இருந்த எட்டுப் பேரும் அதைக் கேட்டார்களாம், யாரும் விளக்கைப் போடவில்லையாம். அந்தக் கேசட் இன்னும் அலமாரியில் இருக்கிறது. ஓட்டிக் கேட்கக் கருவி வீட்டில் இல்லை.

1990 ஆகஸ்டில் குவைத் வீழ்ந்தபோது எங்கள் பக்கத்துப் பல வீடுகளில் அடுப்பெரியவில்லை. பெண்கள் ரேடியோவைச் சுற்றியே உட்கார்ந்திருந்தார்கள். 1991 ஜனவரி 1இல் திருவனந்தபுரம் சர்வதேச விமான நிலையமானது. பிறகு ஐஎஸ்டி பூத்துகள் வந்தன. 2005 ஏப்ரல் 29இல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் முதல் விமானம் திருவனந்தபுரத்திலிருந்துதான் அபுதாபிக்குக் கிளம்பியது. குழித்துறை பிளாட்பாரத்தில் அழுத அழுகையெல்லாம் களியக்காவிளை தாண்டி விமான நிலையத்துக்குப் போய்விட்டது. அண்ணன் 2014இல் ஒரேயடியாக ஊருக்கு வந்தான். இருபத்தெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர்கள் ஒன்றாக இருந்த நாட்களை மைனி ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். மூன்று வருஷம்கூடத் தேறவில்லை.

அவர்களுடைய மகனுக்குக் கல்யாணம் நடந்தது 2025இல். ஈஸ்டர் ஏப்ரல் 20. அந்த வாரம் வியாழக்கிழமை கல்யாணம். மருமகள் அருமனைப் பக்கம். இங்கிலாந்தில் நர்ஸ். அவளுக்கு லீவு ஐந்து வாரத்துக்குள்தான். அது முடிந்ததும் அவளோடு அவனும் போகிறான். அவள் வேலையை வைத்துத்தான் அவனுக்கு விசா. அங்கே போய் வேலை தேட வேண்டும். மாமனார் வீட்டில் இதைச் சொல்லக் கூச்சப்பட்டான் பையன். கூச்சப்பட ஒன்றும் இல்லை என்று அவனுக்கு எடுத்துச் சொன்னவள் மைனிதான்.

கறிக்காய் வெட்டு இல்லை. மண்டபம், கேட்டரிங். அடைப்பிரதமன் இருந்தது, நன்றாகவும் இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின வாரமே மாத்தூர் தொட்டிப்பாலத்தில் படம் எடுத்திருந்தார்கள். 1966இல் விளவங்கோடு, கல்குளம் வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகப் பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் கட்டிய பாலம் அது. அதன் தொட்டியோரம் இரண்டு பேரும் நடக்க, டிரோன் மேலிருந்து எடுத்த படத்தை மைனி என்னிடம் காட்டினாள். பாலத்தின் நடுவில் இரண்டு பேர். சுற்றிலும் தென்னையும் ரப்பரும் பச்சைப் பசேலென்று. “பாரும் தம்பி, நடுவில ஒருத்தரும் இல்ல” என்றாள். பஸ்ஸில் நான் உட்கார்ந்த இடத்தை அவள் நினைத்துச் சொன்னாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

விருந்து மூன்றே வீட்டில். மற்றவர்கள் கோபிக்கவில்லை, பலருடைய பிள்ளைகளும் வெளியில்தான். அவர்களுக்கும் இந்த நாட்கணக்கு தெரியும். மூணாறுக்கு நான்கு நாள் போய் வந்தார்கள். கன்னியாகுமரிக்கு அண்ணனையும் மைனியையும் அழைத்துக்கொண்டு போனார்கள். வெறுமையாகக் கிடந்த அந்தப் பாறையில் 2000 ஜனவரி 1 முதல் 133 அடி வள்ளுவர் நிற்கிறார். 2024 டிசம்பரில் இரண்டு பாறைகளுக்கும் நடுவே 77 மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடிப் பாலமும் போட்டுவிட்டார்கள். காலுக்குக் கீழே கடல் தெரிந்ததும் மைனி நின்றுவிட்டாள். மருமகள் ஒரு கையையும் அண்ணன் ஒரு கையையும் பிடித்துக்கொண்டார்கள். முப்பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு, அத்தனை கூட்டத்தின் நடுவில், அண்ணன் மைனியின் கையைப் பிடித்து நடந்தான். திரும்பும்போது பையன் காரை முட்டத்துக்கு விட்டான். அவனுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறையில் இரண்டு பேரும் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்களாம்.

கடைசி இரண்டு நாள் பெட்டி கட்டுவதில் போனது. 1986இல் அண்ணன் பெட்டியில் போன சாமானும் இப்போது போன சாமானும் முக்கால்வாசி ஒன்றுதான்: நேந்திரங்காய் வத்தல், சக்க வத்தல், முந்திரிக்கொத்து, கருப்பட்டி, குடம்புளி, நல்லமிளகு, தேன். தேன் இல்லாமல் மார்த்தாண்டத்துக்காரன் பெட்டி மூடாது. 1924இல் ஒய்எம்சிஏ கிராமப் புனரமைப்பு மையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் தொடங்கி வைத்த தேனீ வளர்ப்பு, நூறு வருஷமாகப் பல வீடுகளுக்கு அரிசி வாங்கித் தந்திருக்கிறது. ரப்பர் இலை தளிர்க்கும் மாசி, பங்குனியில் பெட்டிகளைத் தோட்டத்துக்குள் கொண்டு வைப்பார்கள். ஈஸ்டருக்குப் புதுத் தேன் கைக்கு வந்துவிடும். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அன்று அம்மா கண்ணாடிக் குப்பியின் வாயை மெழுகால் அடைத்து, பழைய கைலியில் சுற்றி வைத்தாள். இன்று மருமகள் பிளாஸ்டிக் குப்பியை மூன்று கவருக்குள் போட்டுக் குமிழ்த்தாளில் சுற்றினாள். அண்ணன் கைத்தராசைப் பெட்டியின் பிடியில் மாட்டித் தூக்கித் தூக்கிப் பார்த்தான். இரண்டு கிலோ கூடுதல். கருப்பட்டியை எடுத்தான். மைனி அதைத் திரும்ப உள்ளே வைத்து, பையனின் இரண்டு புதுச் சட்டைகளை வெளியே எடுத்தாள்.

மே 24 சனிக்கிழமை கிளம்பினோம். அன்றுதான் பருவமழை கேரளத்தில் இறங்கிவிட்டதாக அறிவித்தார்கள். வழக்கமான ஜூன் 1க்கு எட்டு நாள் முந்தியிருந்தது. 2009க்குப் பிறகு இத்தனை சீக்கிரம் வந்ததில்லை. வண்டி மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறியபோது கண்ணாடியில் சாரல். பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஊர்கள் நனைந்துகொண்டே பின்னால் போயின. விமான நிலையத்தில் டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அண்ணன், மைனி, சம்பந்தி வீட்டார், நான். அந்தப் பக்கம் அவர்கள் இருவரும், ஒரே வண்டியில் இரண்டு பேருடைய பெட்டிகளும். “போயிட்டு வாறோம் அம்மா” என்றார்கள். அதைக் கேட்டு மைனி சிரித்தாள். ‘வாறேன்’ என்பதைத்தான் அவள் வாழ்க்கை முழுக்கக் கேட்டிருக்கிறாள், ‘வாறோம்’ புதுசு.

திரும்பும் வழியில் கேட்டேன், அழுகை வரவில்லையா என்று.

“அன்னைக்கு எதுக்கு அழுதேன்னு எனக்குத் தெரியும் தம்பி. இன்னைக்கு எதுக்கு அழணும்? ரெண்டுபேரும் சேர்ந்துல்லா போறாவ. எனக்குக் கிடைக்காதது அவளுக்குக் கிடைச்சிருக்கு.”

அவள் சொன்னது சரி. புதுசாய்க் கட்டிவந்த ஒரு பெண்ணைக் கிணற்றடியில் தனியாக நிறுத்திவிட்டு நாங்கள் எல்லாரும் சேர்ந்து குடும்பம் நடத்தினோம். அந்த வழக்கம் ஒழிந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் அன்று அவளைச் சுற்றி ஒரு வீடே இருந்தது: மாமி, மாமனார், நாத்தனார், நான். இன்று அண்ணனும் மைனியும் இரண்டே பேர். எங்கள் தெருவில் இப்படி ஏழு வீடு. எட்டு மணிக்கெல்லாம் முன்வாசல் விளக்கு மட்டும் எரியும். காணொளியில் தினமும் முகம் பார்க்கிறார்கள். அங்கே பகல் சாப்பாடு என்றால் இங்கே சாயந்திரச் சாயா நேரம். ஒரு குறையும் இல்லை என்கிறாள் மைனி. இரவில் காய்ச்சல் வந்தால் மட்டும் யாரை எழுப்புவது என்பது ஒரு கணக்கு. அந்தப் பொறுப்பை நான் எடுத்திருக்கிறேன், பக்கத்துத் தெருதானே.

மறுநாள் காலையில் போனேன். முற்றத்தில் பனையோலைப் பாயை விரித்து, மைனி வருக்கைச் சக்கையை வெட்டிக்கொண்டிருந்தாள். கைநிறையத் தேங்காய் எண்ணெய். பையனுக்கென்று மரத்தில் விட்டிருந்தது. அவன் போன அன்று ராத்திரிதான் பழுத்து மணத்ததாம். மழை விழுந்துவிட்டால் சக்கை நீர் கோத்துவிடும், இனி வைக்க முடியாது. பாதியை இலையில் பொதிந்து ஏழு வீட்டுக்கும் என் கையில் கொடுத்தனுப்பினாள். நான் திரும்பி வந்தபோது அவள் கொட்டைகளைக் கழுவி, செம்மண் குழம்பில் ஒவ்வொன்றாகப் புரட்டி, அண்ணன் நீட்டிய பானைக்குள் எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தாள்.