கணக்கேட்டைக் காப்பவர் யார்?



நம் காஞ்சியின் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் பட்டையும் சரிகையையும் எடை போட்டுக் கொடுப்பார்கள். சேலை நெய்து வந்ததும் மீண்டும் எடை பார்த்து, கூலியைக் கணக்கில் எழுதுவார்கள். அந்தக் கணக்கு அழிந்து போனால் நஷ்டம் யாருக்கு? குழித்தறியில் நாளெல்லாம் உழைத்த நெசவாளிக்கே அல்லவா?

இத்தகைய கணக்குகளை ஒழுங்காகச் சேமித்து, பலர் ஒரே நேரத்தில் எழுதினாலும் குழம்பாமல் காக்கும் கணிப்பொறி ஏட்டிற்குத் 'தரவுத்தளம்' என்று பெயர். அதைப் பராமரிக்க இரு வழிகள் உண்டு.

முதல் வழி, நாமே நடத்துவது. போஸ்ட்கிரஸ் போன்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கணக்கு நம் கைவசம் இருக்கும். விரும்பியபடி அமைத்துக் கொள்ளலாம். ஆனால் இயந்திரம் பழுதானால் நள்ளிரவில் எழுந்து பார்க்க வேண்டியவரும் நாமே. 'தன் கையே தனக்கு உதவி' என்பது இங்கே முற்றிலும் பொருந்தும்.

இரண்டாவது வழி, பிறரிடம் ஒப்படைப்பது. அமேசான் நிறுவனம் 2009-இல் இத்தகைய சேவையைத் தொடங்கியது. பிரதி எடுப்பது, திருத்தங்கள் போடுவது எல்லாம் அவர்கள் வேலை. ஆனால் கணக்குப் பெருகப் பெருகக் கட்டணமும் பெருகும். அவர்கள் அனுமதிக்காத மாற்றங்களைச் செய்ய முடியாது.

இரு வழியிலும் ஆபத்து உண்டு. தன் தரவுத்தளத்தைத் தானே நடத்திவந்த கிட்லேப் நிறுவனத்தில், 2017 ஜனவரி 31 அன்று பொறியாளர் ஒருவர் தவறுதலாக மூல ஏட்டையே அழித்துவிட்டார். பிரதி எடுக்க 5 ஏற்பாடுகள் இருந்தும் ஒன்றும் சரியாக இயங்கவில்லை. நல்ல வேளையாக 6 மணி நேரத்திற்கு முந்தைய நகல் ஒன்று கிடைத்தது. எனினும் இடைப்பட்ட பதிவுகள் போனவை போனவையே.

ஒப்படைத்தவர்களும் தப்பவில்லை. 2024 மே மாதத்தில், ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்னும் ஓய்வூதிய நிதி கூகுளிடம் ஒப்படைத்திருந்த கணிப்பொறி அமைப்பு, கூகுள் தரப்பில் நேர்ந்த பிழையால் அழிந்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தனர். வேறொரு நிறுவனத்தில் தனியே வைத்திருந்த பிரதி மீட்புக்குக் கைகொடுத்தது.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? தேர்ந்த ஆட்கள் இருந்தால் சொந்தமாக நடத்தலாம். நம் தமிழகத்தின் ஸோஹோ நிறுவனம் சொந்தக் கணிப்பொறி நிலையங்களையே வைத்திருக்கிறது. ஒரே ஓர் எழுத்தரை நம்பியிருக்கும் சிறு சங்கம், கட்டணம் கொடுத்து ஒப்படைப்பதே நலம். ஆனால் வேலையைத்தான் பிறரிடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைக்க முடியாது.

நாளை நம்மில் பலர் வங்கியிலும் அலுவலகத்திலும் பணிபுரிவோம். அங்கே, "பிரதி எடுத்தீர்களா?" என்று கேட்பதோடு நில்லாமல், "அதிலிருந்து கணக்கை மீட்டுப் பார்த்தீர்களா?" என்றும் கேட்போமாக. அந்த ஒரு கேள்வி ஓர் ஏழையின் கூலியைக் காப்பாற்றக் கூடும்.