ஆம்புலன்ஸ் பணியாளர்களின் முதுகுவலியும் மூட்டுவலியும்: காரணங்கள், சிகிச்சை, தடுப்பு

ஒரு பணியைத் தொடர்ந்து செய்வதனால் தசை, தசைநாண், மூட்டு, முதுகெலும்பு இடைவட்டு, நரம்பு ஆகியவற்றில் தோன்றும் வலியும் செயல்குறைவும் பணிசார் தசை-எலும்புக் கோளாறுகள் எனப்படுகின்றன. சுமை தூக்குவோர், செவிலியர், நெசவாளர் ஆகியோரிடம் இவை நன்கு அறியப்பட்டவை. நோயாளியைத் தூக்கிச் செல்வதையே அன்றாடப் பணியாகக் கொண்ட ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்கும் இப்பாதிப்பு மிகுதி. ஆயினும் உயிர்காக்கும் பணியின் பரபரப்பில் அவர்களது வலி பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. பொதுவாக ஓர் ஊர்தியில் பைலட் எனப்படும் ஓட்டுநர் ஒருவரும் மருத்துவ உதவியாளர் ஒருவரும் பணிபுரிகின்றனர். நோயாளி எத்தகைய எடையுடையவராயினும் அவரைத் தூக்கும் கைகள் இவ்விருவருடையவையே.

இருவர் தூக்கும் எடை

மிகச் சாதகமான சூழலில்கூட ஒருவர் தூக்கும் எடை 23 கிலோவைத் தாண்டலாகாது என்பது அமெரிக்காவின் தேசியப் பணிசார் பாதுகாப்பு மற்றும் உடல்நல நிறுவனத்தின் கணக்கு. நோயாளி என்பவர் கைப்பிடி வைத்த பெட்டி அல்லர். அசைவார், நழுவுவார், வலியில் திமிறுவார். எனவே நோயாளியைக் கையால் தூக்கும்போது இவ்வரம்பு ஏறத்தாழ 16 கிலோ என 2007இல் பரிந்துரைக்கப்பட்டது. 70 கிலோ எடையுள்ள ஒருவரை இருவர் தூக்கினால் ஆளுக்கு 35 கிலோ. ஸ்ட்ரெச்சரின் எடை இதில் சேரவில்லை. உடலின் மேற்பகுதியே கனமானது என்பதால் தலைப்பக்கம் நிற்பவர் இதனினும் அதிகம் சுமக்கிறார்.

இடத்தின் அமைப்பு இச்சுமையை மேலும் கடினமாக்குகிறது. பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலி டவுணிலும் உள்ள பழைய வீடுகள் பல, அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை. தார்சா, பட்டாசல், அடுக்களை என ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் அவ்வீடுகளின் பின்கட்டிலோ, செங்குத்தான படிகள் கொண்ட மச்சிலோ நோயாளி மயங்கிக் கிடப்பார். சக்கரம் உருளாத அவ்விடத்தில் முதுகை வளைத்து, இடுப்பைத் திருகி, கைகளை நீட்டியே தூக்க வேண்டியுள்ளது. ஆற்றங்கரை ஊர்களில் வாய்க்கால் கரையோடு ஊர்தி நின்றுவிடும். அதற்கப்பால் வரப்பின் மேல்தான் நடை. வளைதல், திருகுதல், சுமையை உடலிலிருந்து விலக்கிப் பிடித்தல் ஆகிய மூன்றும் ஒன்றுசேரும்போது கீழ்முதுகின் இடைவட்டுகள் மீது அழுத்தம் பன்மடங்காகிறது.

தூக்குவது மட்டுமே காரணமன்று. நெஞ்சழுத்த உயிர்மீட்பின்போது நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்திற்கு அழுத்த வேண்டும். இதனால் மணிக்கட்டு, தோள், முழங்கால் ஆகியவை களைக்கின்றன. தென்காசியிலிருந்து பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏறத்தாழ 55 கி.மீ.; அத்தொலைவு முழுவதும் குலுங்கும் ஊர்தியில் நோயாளியின் மீது குனிந்தபடி இருப்பவர் மருத்துவ உதவியாளர். ஓட்டுநருக்கோ நெடுநேர அமர்வும் அதிர்வும் கீழ்முதுகைப் பாதிக்கின்றன. பல மணி நேரம் அமர்ந்திருந்துவிட்டு, இறங்கியவுடன் முழுப் பலத்துடன் தூக்க நேர்வது குறிப்பாகத் தீங்கானது.

அறிகுறிகளும் சிகிச்சையும்

பணி முடிந்தபின் தோன்றி, ஓய்வில் மறையும் வலியே முதற்கட்டம். பலர் தைலம் தடவியும் மாத்திரை வாங்கி விழுங்கியும் இக்கட்டத்தைக் கடந்துவிடுகின்றனர். வலி மறுநாள் காலையிலும் நீடித்தாலோ, கால் வழியே இறங்கினாலோ, கை விரல்கள் மரத்தாலோ மருத்துவரை அணுக வேண்டும். வலிநீக்கி மாத்திரைகளை மருத்துவ ஆலோசனையின்றித் தொடர்ந்து உட்கொள்வது வயிற்றுப்புண்ணுக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் வழிவகுக்கலாம்.

சாதாரண முதுகுவலிக்கு நாட்கணக்கில் படுத்திருப்பது பயன் தராது. இயன்ற அளவு நடமாடுவதும், இயன்முறை மருத்துவர் கற்பிக்கும் பயிற்சிகளைச் செய்வதுமே விரைவில் குணமளிக்கும். ஆனால் சிறுநீர் அல்லது மலத்தை வெளியேற்றுவதில் கட்டுப்பாடு இழத்தல், தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போதல், கால் பலவீனமடைதல் ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் காத்திருக்கலாகாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தடுப்பு

‘முதுகை நேராக வைத்து, முழங்காலை மடித்துத் தூக்குங்கள்’ என்னும் அறிவுரை தவறன்று. ஆனால் பயிற்சி மட்டும் காயங்களைக் குறைப்பதில்லை என்பதே ஆய்வுகளின் முடிவு. இடுப்புப் பட்டை அணிவது காயத்தைத் தடுக்கும் என்பதற்கும் போதிய சான்றில்லை. குனிய இடமில்லாத படிக்கட்டில் எந்த விதியையும் கடைப்பிடிக்க இயலாது. பயன் தருவது சுமையைக் குறைக்கும் கருவியும் கூடுதல் கைகளும்தான். வழுக்கு விரிப்பு, படிகளில் இறக்கும் நாற்காலி, நோயாளியை இருபுறமிருந்தும் அள்ளியெடுக்கும் ஸ்ட்ரெச்சர் ஆகியவை தூக்கும் தேவையையே குறைக்கின்றன. கனடாவின் நயாகரா பகுதியில் மின்விசையால் உயரும் ஸ்ட்ரெச்சர்கள் வந்தபின் அவை தொடர்பான காயங்கள் பெருமளவு குறைந்தன.

பணியின்போது முதுகு பிடித்துக்கொண்டால் அன்றே எழுத்துமூலம் தெரிவித்து, மருத்துவச் சீட்டையும் பாதுகாத்து வைப்பது நல்லது. பின்னர் விடுப்போ, ஊழியர் அரசுக் காப்பீட்டின் கீழ்ப் பணிக்காயத்திற்கான உதவியோ கோரும்போது இப்பதிவு தேவைப்படும்.

பொதுமக்கள் செய்யக்கூடியவை

108ஐ அழைக்கும்போதே நோயாளி எந்த மாடியில் இருக்கிறார், நடக்க இயலுமா, உடல் பருமனானவரா, ஊர்தி வாசல்வரை வருமா என்பவற்றைத் தெரிவிக்கவும். ஊர்தி வருவதற்குள் நடைவழியில் உள்ள சைக்கிள், நாற்காலி, தண்ணீர்க் குடங்களை அகற்றி, விளக்குகளைப் போட்டு வைக்கவும். உடல்வலிமையுள்ள இருவரோ மூவரோ அருகில் நிற்கலாம். விபத்தில் அடிபட்டவரைத் தாமாகத் தூக்காமல், மருத்துவ உதவியாளர் சொல்லும் இடத்தைப் பிடித்து, அவர் எண்ணும்போது அனைவரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும்.