ஃபைபர் படகுக்கு பெட்ரோல் போடுறீங்களா... அந்த ஒரு ஒயரை கவனிங்க!

பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து இரும்புக் கதவைத் தொட்டதும் விரலில் 'சுருக்'கென்று ஒரு ஷாக் அடிக்குமே, ஞாபகம் இருக்கிறதா? வீட்டில் அதற்குச் சிரித்துவிட்டுப் போகலாம். பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் சிரிக்க முடியாது. ஆவியும் காற்றும் சரியான அளவில் கலந்திருந்தால், அது பற்றிக்கொள்ள ஒரு மில்லிஜூலுக்கும் குறைவான பொறியே போதும்.

இந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? குழாய்க்குள் பெட்ரோல் உரசிக்கொண்டு ஓடுவதாலேயே வருகிறது. 'ஸ்டேட்டிக்' என்பார்கள்.

படகில் என்ன சிக்கல் என்றால், ஃபைபரில் மின்சாரம் பாயாது. மேல்தளத்தில் பெட்ரோல் ஊற்றும் வாய் உலோகம். கீழே டேங்க்கும் உலோகமாக இருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் இருப்பதோ ரப்பர் குழாய்! அதனால் மேலே உள்ள உலோக வாய் தனித்தீவு மாதிரி ஆகிவிடுகிறது. அதில் சேரும் மின்சாரம் போக வழியில்லாமல் நிற்கும். பங்க் நாசில் பக்கத்தில் வந்தால் பொறியாகத் தாவும். ஆவி வெளியே வருவதும் அதே வாய் வழியாகத்தான்.

இதற்குத் தீர்வு, ஒரே ஒரு ஒயர். வாயிலிருந்து டேங்க்குக்கு, டேங்க்கிலிருந்து படகின் எர்த்துக்கு. படகுக்குள்ளேயே பெட்ரோல் இன்ஜின் பொருத்திய படகுகளுக்கு அமெரிக்காவில் இது சட்டம். எரிபொருள் படும் உலோகப் பாகம் ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் இடையே மின்தடை 100 ஓமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் இரண்டே நிமிடத்தில் பார்த்துவிடலாம். உப்புக் காற்றில் ஒயரின் முனை பச்சை பூத்திருந்தால், சுரண்டிச் சுத்தம் செய்து திரும்ப முறுக்குங்கள். ஆனால், ஒயரை ரப்பர் குழாய்க்கு அடியில் சொருகி கிளாம்ப் போடாதீர்கள். அந்த இடுக்கு வழியாகவே பெட்ரோல் கசியும்.

வெளியே மாட்டும் மோட்டார் என்றால், நம் கடற்கரையில் பெரும்பாலும் கேன்தான். கேனைப் படகிலோ டூவீலரிலோ வைத்தபடி நிரப்பாமல், தரையில் இறக்கி வையுங்கள். நாசில் கேனின் வாயைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும். பிளாஸ்டிக் கேனில் தகரப் புனல் வைப்பவர்கள் கூடுதலாக உஷார்! அந்தப் புனலும் ஒரு தனித்தீவுதான்.

டீசல் இவ்வளவு சீக்கிரம் பற்றாது. பெட்ரோல் ஆவியோ காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நிரப்பி முடித்ததும் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். புளோயர் இருந்தால் குறைந்தது 4 நிமிடம் ஓடவிட்டு, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.

பழைய ரப்பர் குழாயை மாற்றும்போதுதான் பலமுறை இந்த ஒயர் விட்டுப்போகிறது. மெக்கானிக் அதைத் திரும்ப மாட்டினாரா என்று பார்த்துவிட்டு, அப்புறம் கூலியைக் கொடுங்கள்.