கடலைத் தொலைத்த ஹோட்டல்

சிங்கப்பூர் பீச் ரோட்டில் கடற்கரையைத் தேடாதீர்கள். அது பெயரில் மட்டும்தான் இருக்கிறது. 1887 டிசம்பரில், ஆர்மீனியர்களான சார்க்கிஸ் சகோதரர்கள் பத்து அறைகளுடன் ராஃபிள்ஸ் ஹோட்டலைத் திறந்தபோது எதிரே கடல் இருந்தது.

1899இல் எழுந்த புதிய கட்டடத்தில் மின்விளக்கும் மின்விசிறியும் அன்றைக்குப் பெரிய அதிசயம். 1931இல் சார்க்கிஸ் நிறுவனம் நொடித்தது. ஜப்பானியர் காலத்தில் ஹோட்டலின் பெயர் ‘சியோனான் ரியோக்கான்’ என மாறியது. 1987இல் அது தேசிய நினைவுச்சின்னமானது.

கட்டடத்தைக் காப்பாற்றினோம், கடலைத் தூர்த்து நிலமாக்கினோம். சன்டெக் சிட்டி நிற்பதும் அப்படி வந்த நிலத்தில்தான். அடுத்த முறை அங்கிருந்து ராஃபிள்ஸுக்கு நடக்கும்போது பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: “நம் காலடியில் ஒருகாலத்தில் அலை அடித்தது.”